எண்பத்தேழாம் பக்கம்

என் மச்சான் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது நூலகர் அம்மா கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். நாங்கள் ஐந்து பேர். நீள மேசையின் ஒரே பக்கத்தில், பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு தடித்த நாவல், நடுவில் பிரித்தபடி. அறையின் திரை கதவிருந்த சுவரிலேயே மாட்டியிருந்ததால் வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எங்கள் முகங்கள்தாம் தெரியும். அந்த முகங்கள் எதைப் பார்க்கின்றன என்பது தெரியாது. அவர் பார்த்தது இவ்வளவுதான்: வயதான ஐந்து ஆண்கள் ஒரு நாவலின் ஏதோ ஒரு பக்கத்தில் மனம் உடைந்துபோய், ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழ, ஒருவர் அவர் முதுகைத் தடவ, ஒருவர் இரண்டு கைகளையும் கூரையை நோக்கி விரித்திருக்க, ஒருவர் மேசைக்கு அடியில் காணாமல் போயிருக்க, நான் மட்டும் பேனாவும் பதிவேடுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணும் கலங்கியது. கதவைத் திறக்காமல், செருப்பு ஓசை கேட்காமல், மெல்ல மாடிப்படி இறங்கிப் போனார்.

நடந்தது வேறு. அரையிறுதியின் எண்பத்தேழாவது நிமிடத்தில் எங்கள் ஊர் அணி கோல் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் எங்கள் அணி அரையிறுதி வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட கோலை நூலகத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கொண்டாடுவது, தும்மலை விழுங்குவதைப் போன்றது. உள்ளே போனது எங்கேயாவது வெடித்துத்தான் தீரும். மச்சானுக்குக் கண்ணில் வெடித்தது. மேசைக்கு அடியில் போனவர் கதவு. இளமையில் அவர் கோல் காப்பாளராக நின்றவர்; எந்நேரமும் திறந்தே இருப்பார் என்பதால் அந்தப் பெயர். மற்ற இருவர் தையல்காரரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும். இதுதான் எங்கள் வாசகர் வட்டம்.

நான் முப்பத்தைந்து வருடம் நகராட்சியில் கூட்டக் குறிப்பு எழுதியவன். நகர்மன்றத்தில் என்ன நடந்தாலும் அதைப் படிக்கத் தகுந்ததாக எழுதித் தருவது என் வேலை. ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரின் சட்டையைப் பிடித்தால், 'நெருக்கமான கலந்துரையாடல் நடைபெற்றது' என்று எழுதுவேன். நாற்காலி பறந்தால், 'இருக்கை வசதி மறுபரிசீலனை செய்யப்பட்டது'. ஒருமுறை மழை காரணமாகக் கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. குறிப்பு மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். எழுதினேன். அந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. அதில் ஒன்றுதான் ஆற்றின் மேல் இப்போது நிற்கிற பாலம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாலத்தின் மேல் நின்றுகொண்டு சொன்னாலும் நம்புவதில்லை.

ஆட்டங்கள் முன்பு எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியிலும் சும்மா வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு கட்டண அலைவரிசை உரிமையை வாங்கிப் பூட்டு போட்டுக்கொண்டது. அவர்கள் கேட்ட சந்தாவைப் பார்த்தால் மைதானத்தையே என் பெயருக்கு எழுதித் தரப்போகிறார்களோ என்று தோன்றியது. அதன்பின் ஊரில் பாதிப் பேர் செய்ததைத்தான் நானும் செய்தேன். இணையத்தில் இலவசமாகத் தேடினேன். சும்மா கிடைத்துவிடாது. ஆட்டம் நான்கு மணிக்கு என்றால் மூன்றரைக்கே இறங்க வேண்டும். ரசிகர் குழுக்களில் யாராவது ஒரு புண்ணியவான், பிடிபடாமலிருக்க எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து ஒரு முகவரியைப் போட்டிருப்பான். முதல் முகவரி செத்திருக்கும். இரண்டாவதில் குதிரைப் பந்தயம் ஓடும். மூன்றாவதில் நம் ஆட்டமேதான், ஆனால் ஏழு நிமிடம் பின்தங்கி. பக்கத்துத் தெருக்காரன் கத்தி முடித்த கோலை நாம் அப்புறம் பார்க்கலாம். நான்காவது நல்ல தளம், ஆனால் அதற்குள் நுழைய விளம்பரங்களைத் தாண்ட வேண்டும். பெரிய பச்சைப் பொத்தான் பொய். சிவப்புப் பெருக்கல் குறியும் பொய். உண்மையான பெருக்கல் குறி கடுகளவு, சாம்பல் நிறத்தில், சாம்பல் பின்னணியில் ஒளிந்திருக்கும். கணினியில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வைரஸ்கள் இருப்பதாக அபாயச் சங்கு ஊதும். நான் அந்தத் தளத்தின் பத்து லட்சமாவது பார்வையாளராக நாற்பத்து மூன்று முறை தேர்வாகியிருக்கிறேன். எனக்கு இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் பதினேழு பெண்கள் தனிமையில் வாடுவதாகவும் ஓர் அறிவிப்பு வரும். ஒருமுறை மகளைப் பார்க்க ரயிலில் எட்டு மணி நேரம் பயணம் செய்து போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே பதினேழு பேர், அதே இரண்டு கிலோமீட்டர். பாவம், பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தது நூலகத்தின் பொதுக் கணினியில். ஒரு நாள் பள்ளிச் சீருடைப் பெண்கள் நான்கு பேர் பின்னால் முறைக்குக் காத்திருக்கும்போது, அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி திரை முழுக்க விரிந்து, எதை அழுத்தினாலும் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நூலகர் அம்மா நேராக வந்து மின்செருகியைப் பிடுங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிறவர். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தேடுறீங்க ஐயா, உண்மைய சொல்லுங்க."

"கால்பந்துமா."

"அதுக்கு இந்தப் பொண்ணு எதுக்கு?"

"அவங்க வழியாத்தான் போகணும்."

சிரிப்பை அடக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அடுத்த புதன்கிழமையே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்: இணையத்தில் ஆட்டம் பார்ப்பது எப்படி, ஏமாறாமல். ஒன்பது பேர் வந்தோம். எந்தத் தளம் முறையானது, எது நம் தகவலைத் திருடுவது, எந்த ஆட்டங்களைச் சங்கங்களே இலவசமாகக் காட்டுகின்றன, வானொலி வர்ணனை எங்கே கேட்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். நல்ல பட்டியல். அதில் எங்கள் அணி இல்லை. கதவு கையைத் தூக்கி அதைக் கேட்டார்.

"நூலகத்துல படம் போட்டுக் காட்ட உரிமம் வாங்குறோம்ல, அது மாதிரி ஆட்டத்துக்கும் இருக்கு சார்" என்றார் நூலகர் அம்மா. "பொது இடத்துல எல்லாரும் சேர்ந்து பாக்குறதுக்கு. தலைமை நூலகத்துக்கு எழுதியிருக்கேன். மேல் அறை ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்கு. உரிமம் வந்துட்டா நீங்க அங்க உக்காந்து கத்தலாம், நானே கதவ சாத்திட்டுப் போறேன். மூணு வாரம் பொறுங்க."

மூன்று வாரம் ஐந்து வாரமானது. கேட்டால், "கோப்பு மேசைல இருக்குன்னு சொல்றாங்க ஐயா" என்பார். எந்த மேசை என்று கேட்டேன். அதுதான் தெரியவில்லை என்றார். மேசைகளைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மேசையில் ஒரு கோப்பு எவ்வளவு காலம் உயிர்வாழும் என்பதையும் அறிவேன். இதற்கிடையில் எங்கள் அணி ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்துத் தொலைத்தது. வழக்கம்போலத் தோற்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மேல் அறையைக் கேட்டு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். 'மூத்த குடிமக்கள் நாவல் வாசகர் வட்டம், சனிக்கிழமைதோறும் நான்கு முதல் ஆறு வரை.' அதைப் படித்ததும் நூலகர் அம்மாவின் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பொதுக் கணினிகளில் அந்தத் தளங்களை அவர் தடுத்து வைத்திருந்தார். ஆனால் மேல் அறையை ஒட்டிய சிறிய அலுவலக அறையில் ஊழியர் கணினி ஒன்று உண்டு. அதற்குத் தடை கிடையாது. அதிலிருந்து சுவரைத் துளைத்து ஒரு கம்பி அந்தத் திரைக்கு வரும். அந்தக் கணினியின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். முந்தின வருடம் பழைய புத்தகப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற ஆளில்லாமல் அவர் திண்டாடியபோது, மூன்று மாதம் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தவன் நான். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

வாசகர் வட்டம் கூடினால் பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும் என்பது நூலக விதி. எழுதினேன். பொய் எழுதக் கூசியது என்று சொன்னால் என் கை என்னைப் பார்த்துச் சிரிக்கும். நடந்ததையே எழுதினேன், கொஞ்சம் படிக்கத் தகுந்ததாக. அரையிறுதி நாளின் குறிப்பு இது: 'நாயகன் இடது கரையோரமாகத் தனித்து முன்னேறியதை உறுப்பினர்கள் வெகுவாகப் பாராட்டினர். நடுநிலை வகிக்க வேண்டிய பாத்திரம் தொடர்ந்து ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டது வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. எண்பத்தேழாம் பக்கத்தில் நேர்ந்த திருப்பம் ஓர் உறுப்பினரைக் கண்ணீர் மல்கச் செய்தது. முடிவுக்குப் பின் சேர்க்கப்பட்ட ஐந்து பக்கங்கள் தேவையற்றவை என்றும், அவற்றைப் படிக்கும்போது நெஞ்சு வலித்ததாகவும் மற்றோர் உறுப்பினர் தெரிவித்தார். ஐந்து உறுப்பினர்களும் நான்கு முதல் ஆறு வரை இருக்கையை விட்டு எழாமல் பங்கேற்றனர். அறையின் திரை பயன்படுத்தப்படவில்லை.'

கடைசி வரி தேவையே இல்லை. ஒரு குறிப்பு எப்படி நிறைவாக முடிய வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் பழகிய கை, அதுவாகவே போய் எழுதிவிட்டது.

பத்து நாள் கழித்து நூலகத்தின் இணையம் நின்றது. உரிமை வாங்கியிருந்த அலைவரிசைக்காரர்கள், எந்த இணைப்பிலிருந்து, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திருட்டு ஒளிபரப்பு பார்க்கப்பட்டது என்று பட்டியல் போட்டு அனுப்பியிருந்தார்கள். தலைமை நூலகம் இணைப்பைத் துண்டித்தது. உரிமம் கேட்டு நூலகர் அம்மா எழுதிய கடிதத்துக்கும் அன்றுதான் பதில் வந்தது. எந்த மேசையிலிருந்தோ எழுந்து நேராக நிராகரிப்புக்குப் போயிருந்தது. பொதுக் கணினிகளின் மேல் துணி போர்த்தி, 'இணையச் சேவை இல்லை' என்று ஒட்டியிருந்தார்கள். கையில் பிளாஸ்டிக் உறையோடு ஒரு பெண், செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவள், அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். பிறகு வேறு எங்காவது வேறு மாதிரி எழுதியிருக்குமோ என்பதுபோல அடுத்த கணினிக்குப் போய் அதையும் படித்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அது முந்தின நாள் தாள்.

நூலகர் அம்மா என் அருகில் வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஊழியர் கணினில இருந்துதான் பாத்திருக்காங்களாம். என் பேர்ல" என்றார். "கடவுச்சொல்ல யாருக்காவது குடுத்தீங்களான்னு கேட்டாங்க. குடுக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன். குடுத்தது தப்புதானே? உங்களுக்குக் குடுத்தது வேலை விஷயமாத்தான், ஆனா அவங்களுக்கு அது புரியாது. நீங்க கவலப்படாதீங்க, உங்க பேர நான் இழுக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"நிரந்தரம் ஆகுற பட்டியல்ல என் பேர் இருக்கு ஐயா, இந்த மாசம். இப்பப் போய் இது. ஆனா உங்க பதிவேட்டத்தான் நம்பியிருக்கேன். மொத்தத்தையும் அவங்ககிட்ட குடுத்துட்டேன். அந்த நேரத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு அதுல அழகா இருக்கே. நானே மேல வந்து பாத்ததையும் சொல்லியிருக்கேன். உங்க மச்சான் அழுதாரே, அத."

அன்று வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போனேன் என்று தெரியாது. பதிவேட்டின்படி அந்த மாடியில் இருந்த ஐந்து பேரும் இருக்கையை விட்டு எழவில்லை. திரை பயன்படுத்தப்படவில்லை. அவர் வாக்குமூலத்தின்படியே, அந்த நேரத்தில் மாடிக்கு வந்த, கணினியைத் தொட்டிருக்கக்கூடிய ஆறாவது ஆள் அவர் ஒருவர்தான். என் வாழ்நாளில் இவ்வளவு ஓட்டையில்லாத குறிப்பு நான் எழுதியதில்லை.

தையல் கடையில் ஐவரும் கூடினோம். தையல்காரர் காஜா போடுவதை நிறுத்தவேயில்லை.

"போய் சொல்லிடலாம் அத்தான்" என்றான் மச்சான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. அவனுக்கு எதற்கும் கலங்கும்.

"யாரு சொல்றது?" என்றார் கதவு. "இவரா? இவரு இன்னைக்கு செவ்வாக்கிழமைன்னு சொன்னாலே நான் காலண்டர பாக்குறேன்."

"நாம அஞ்சு பேரும் போனா?" என்றான் மச்சான்.

"அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்யா, எந்திரிக்கவே இல்லன்னு. இப்பப் போயி எந்திரிச்சோம்னா, எது பொய்னு கேப்பான். ரெண்டும்னு முடிவு பண்ணுவான்."

வாத்தியார் அதுவரை வாய் திறக்கவில்லை. "பதினோரு வருஷம்" என்றார். அவர் எண்களைத் தவிர அதிகம் பேசுவதில்லை. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் அவர்கள் நால்வரும் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மச்சான் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டான், வயிறு சரியில்லையாம். அதை நம்பினேன். அந்த வாரம் என் வயிறும் சரியில்லை.

இறுதியாட்டம் அந்தச் சனிக்கிழமை நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. நான்கு மணிக்கு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறைத் தரையைத் தேய்த்தேன். தெருவில் ஏதோ சத்தம் எழுந்தது பஞ்சைத் தாண்டியும் கேட்டது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்தறிய முடியாத தூரத்தில் வைத்துத் தேய்த்தேன். என் மனைவி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். நாற்பத்தாறு வருடத்தில் நான் தரை தேய்த்து அவள் பார்த்ததில்லை.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள்.

சொன்னேன். முழுவதும் கேட்டாள். வழக்கமாக நான் எது சொன்னாலும் பாதியில், "சரி, போதும், மீதிய நானே பாத்துக்கறேன்" என்பவள், இதில் ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பொண்ண விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்களா? அந்த வெள்ளச் சட்டைய தேய்ச்சு வெக்கறேன்" என்றாள்.

தலைமை நூலகத்தின் இரண்டாம் மாடி. விசாரணை அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். மேசைமேல் இருந்த எல்லாவற்றையும் விளிம்புக்கு இணையாக அடுக்கி வைத்திருந்தார். நூலகர் அம்மா எதிரில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி தலையில் ஏறியிருந்தது. நான் உள்ளே வந்ததைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார். என் பதிவேடு மேசையில் விரிந்திருந்தது, பக்க அடையாளத்துக்கு ஒரு தாளோடு.

"நீங்கதானா அவரு? உக்காருங்க, உக்காருங்க" என்றார் அதிகாரி, எழுந்தே நின்று. "இத்தன வருஷத்துல வாசகர் வட்டக் குறிப்பு ஒண்ண நான் முழுசா படிச்சது இதான் மொத தடவ. ரெண்டு வாட்டி படிச்சேன். நாவல் பேரு மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே? எங்க நூலகத்துல தேடச் சொல்லியிருக்கேன்."

"நாவல் இல்லீங்க. அது கால்பந்து."

அவர் சிரித்தார்.

"நாயகன் இடது கரையோரமா போனான்னு எழுதியிருக்கேன்ல, அவன் எங்க பதினோராம் நம்பர். நடுநிலை வகிக்க வேண்டிய பாத்திரம், அது நடுவர். எண்பத்தேழாம் பக்கம்ங்கறது எண்பத்தேழாவது நிமிஷம். சேர்த்த அஞ்சு பக்கம், காயத்துக்காக நீட்டிச்ச நேரம். திரையில பாத்தோம். அந்தக் கணினிய தொறந்தது நான்."

"ஐயா." அவர் உட்கார்ந்து இரு கைகளையும் கோத்துக்கொண்டார். "அந்தம்மா மேல உங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு புரியுது. ஆனா நான் விசாரிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். ஆளே வராத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிப் பாலம் கட்டுனவரு நீங்கதானாமே?"

"அது உண்மைங்க."

"பாத்தீங்களா" என்றார், நூலகர் அம்மாவிடம் திரும்பி.

"அந்தக் கடவுச்சொல்ல இவங்க குடுக்கல" என்றேன். "இவங்க தட்டும்போது பின்னால நின்னு பாத்து வெச்சுக்கிட்டேன். திருடினேன்." அன்று நான் சொன்னவற்றில் பொய் அது ஒன்றுதான். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. அதிகாரி தன் பின்னால் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி, "அதுல என்ன தேதின்னு படிங்க பாப்போம்" என்றார். அத்தனை தூரத்தில் என்னால் படிக்க முடியவில்லை.

அப்போது நூலகர் அம்மா கேட்டார், அதிகாரி அங்கே இல்லாததுபோல, என்னை மட்டும் பார்த்து: "அப்ப உங்க மச்சான் அழுதது?"

"கோலுக்குத்தான்மா."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து, மூக்கில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார். அந்த அழுகையை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மாமியாரிடம், மளிகைக் கடையில், நிரந்தரப் பணிக்கான சுய அறிக்கையில். 'ஒரு சிறிய நூலகத்தால் என்ன செய்ய முடியும் என்பதை அன்று கண்ணாடி வழியாகக் கண்டேன்' என்று அதில் ஒரு வரி எழுதியிருப்பதாக என்னிடமே சொல்லி, சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். நன்றாக இருக்கிறது, ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

"சார்" என்றேன். "உங்க கணினிய நாலு நிமிஷம் குடுங்க."

கிழவனின் ஆசையைக் கெடுப்பானேன் என்று நினைத்திருக்க வேண்டும். மடிக்கணினியை என் பக்கம் திருப்பித் தள்ளினார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். விரலுக்குப் போகிற வழி தெரிந்திருந்தது. ரசிகர் குழுவைப் பிடித்தேன். புள்ளி வைத்த முகவரியைப் புள்ளி நீக்கித் தட்டினேன். முதலாவது செத்திருந்தது. இரண்டாவதில் வைரஸ் சங்கு ஊத, அதிகாரி நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்தார். பச்சைப் பொத்தானைத் தொடாமல், சிவப்பைத் தொடாமல், மூலையில் இருந்த சாம்பல் கடுகைத் தேடி அமுக்கினேன். பதினேழு பேரும் வந்தார்கள். "ஐயய்யோ" என்றார் அதிகாரி, கதவைப் பார்த்து. ஒவ்வொருவராக அனுப்பி வைத்தேன், ஒருத்தியின் மேலும் விரல் தவறிப் படாமல். நாட்காட்டித் தேதி தெரியாத கண்ணுக்கு அந்தக் கடுகு எப்படித் தெரிகிறது என்று அவர் கேட்கவில்லை. அவர் சிரிப்பு எந்த விளம்பரத்தின்போது நின்றது என்பதையும் நான் கவனிக்கவில்லை. நான்காவது முகவரியில் திரை கறுத்தது, சுழன்றது, பச்சையாக விரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு உலகத்தில் எங்கே ஆட்டம் நடக்கும்? எங்கோ நடந்தது. பெண்கள் ஆட்டம். எந்த நாடோ, எந்த அணிகளோ, வர்ணனை புரியாத ஒரு மொழியில். கொட்டுகிற மழை. இருக்கைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடைகள். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அரையிறுதிப் பக்கத்தை மறுபடி படித்தார். இம்முறை உதடு அசையப் படித்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு விசாரணைப் படிவத்தில், 'பொறுப்பானவர்' என்ற வார்த்தைக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்துக்கு மேல் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். யார் பெயரை எழுதப் போகிறார் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. நான் திருடியதாகச் சொன்னதை நம்பினால் என் பெயர். நம்பாவிட்டால் இரண்டு பெயர்கள். நூலகர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனாவைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலச் சட்டைக்காரி ஒருத்தி பந்தைத் துரத்தி ஓடி வந்தாள். எதிரணிப் பெண் சேற்றில் சறுக்கிக்கொண்டே வந்து அவள் காலை வாரினாள். பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. யாரும் அதன் பின்னால் போகவில்லை. விழுந்தவள் குப்புறக் கிடந்தாள். ஆட்டம் நின்றது. வர்ணனைக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டார். கணினியிலிருந்து மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மின்விசிறி படிவத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எந்திரிச்சிருவாளா?" என்றார் அதிகாரி.

பேனா இன்னும் காலிக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. அவள் ஒரு முழங்காலை மடக்கினாள், உள்ளங்கையைச் சேற்றில் ஊன்றினாள், அப்படியே இருந்தாள். ஒளிப்பதிவுக் கருவியின் கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்து, பெருத்து, மெல்லக் கீழிறங்கி அவளை மறைத்தது.